நெல்டாவின் துப்பாக்கிக்கு எத்தனை கஜம்?

நெல்டா ஓட்டோவின் அறுபத்து நாலாவது பிறந்தநாளுக்கு அவள் கணவன் டெல்பர்ட் ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்தான். எங்கள் பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேச மாட்டார்கள். லானோ ஆற்றுக்கு வடக்கே, சுண்ணாம்புக் கல்லையும் முள்ளையும் தவிர வேறொன்றும் தானாக விளையாத மேட்டில் வெள்ளாடு வளர்க்கிறவளுக்குத் தங்க வளையலா வாங்கித் தருவான்? வாங்கிக் கொடுத்ததில் தப்பே இல்லை. கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவளுடைய பழைய ரைபிள் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளுகிற ரகம். அது கல்யாணமாகி மேற்கே போன பேத்தியோடு போய்விட்டது. புதியது செமி ஆட்டோமேட்டிக். விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு, அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். காட்டுப்பன்றியோ கயோட்டியோ, முதல் குண்டு தவறினால் இரண்டாவதுக்கு நேரம் கிடைக்கும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். பழையதில் குறி பார்க்கிற தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், குழலோடு ஒட்டிப் படுத்திருக்கும். இதில் குழலுக்கு மேலே முக்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி உயரமாக இருந்தது. நெல்டாவுக்குப் பார்த்தவுடனே அது பிடிக்கவில்லை. பிறந்தநாள் அன்று அதைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் ஆடுகள் அவளுடையவை. டெல்பர்ட் மாவட்டச் சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இடுப்பு எலும்பு மாற்றியாகிவிட்டது, கண்ணில் நடுப்பகுதி மங்கிவிட்டது. எதிரில் நிற்பவரின் காதும் தொப்பியும் தெரியும், முகம் தெரியாது. ஆடு பிரசவம் பார்ப்பதும், குளம்பு வெட்டுவதும், வேலி கட்டுவதும் எல்லாம் நெல்டாதான். போன குளிர்காலத்தில் ஓடையில் விழுந்து ஒடிந்த கை கூடினதும் மறுபடி அவளேதான். ஆடு இல்லாத நெல்டாவை எங்களில் யாரும் பார்த்ததில்லை. தேவாலயத்துக்கு வரும்போதுகூட சட்டைக் கையில் ஆட்டு மயிர் ஒட்டியிருக்கும்.

அந்த வருடம் மார்ச்சில் குட்டி போடத் தொடங்கியதும் ஒரு கயோட்டி வந்து சேர்ந்தது. கயோட்டி என்பது ஓநாய்க்குத் தம்பி, நரிக்கு அண்ணன். முதலாமவனுடைய பசியும் இரண்டாமவனுடைய புத்தியும் அதற்கு உண்டு. பட்டிக்குக் கீழே ஓடையைத் தாண்டினால் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி. விடியற்காலையில் அங்கே வந்து, தாயிடமிருந்து விலகி நிற்கிற குட்டியாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். காவல் நாய் கிழடு. குரைப்பதோடு கடமை முடிந்தது என்று இருந்தது. மடி கனத்துப்போய்க் கத்திக்கொண்டு நிற்கிற தாய் ஆடுகளை ஒவ்வொரு காலையும் நெல்டா கறந்து விட வேண்டியிருந்தது.

டெல்பர்ட் ஒருநாள் காபிக் கோப்பையை வைத்துவிட்டு, ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பது, அதற்குள் கயோட்டி விழவில்லை என்றால் ஆடு முழுவதையும் ஏலச் சந்தைக்கு ஏற்றிவிடுவது என்று சொன்னான். கேட்கவில்லை, சொன்னான். கயோட்டிக்குத் தீனி போடவா குட்டி வளர்க்கிறோம் என்பது அவன் கட்சி. நெல்டா மறுபேச்சு பேசவில்லை. கயோட்டியைச் சுட்டுவிட்டால் பேச்சே இல்லையே என்று நினைத்தாள். துப்பாக்கி இருந்தது, குண்டு இருந்தது, சின்ன வயதிலிருந்து பழகிய கையும் இருந்தது. குறி சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் பிடித்தது சனியன்.

குறி சேர்ப்பது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. துப்பாக்கியிலிருந்து குண்டு நூல் பிடித்த மாதிரி நேராகப் போவதில்லை. கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கும். கண் பார்க்கிற கோடு மட்டும் நேர். இரண்டும் எந்தத் தூரத்தில் சேர வேண்டும் என்று முடிவு செய்து, அட்டையை வைத்துச் சுட்டுப் பார்த்து, ஸ்கோப்பின் தலையில் இருக்கிற திருகைத் திருப்பி வைக்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு முன்னாலும் பின்னாலும் குண்டு மேலேயோ கீழேயோ விழும். ஆகவே எந்தத் தூரம் என்பதுதான் கேள்வி. எங்கள் ஊரில் ஒருவன் எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றான் என்று கேட்டால்கூடச் சிரித்துக்கொண்டு பதில் சொல்வான். உன் துப்பாக்கி எத்தனை கஜம் என்று கேட்டுவிட்டு அது தப்பு என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

டெல்பர்ட்டின் கட்சி இருநூறு கஜம். காரணம் கேட்டால் இருநூறுதான் சரி என்பான். நெல்டா அட்டையை ஐம்பதில் வைத்துச் சேர்த்தாள். ஐம்பதில் ஏறும்போது சேர்ந்தால் இருநூறில் இறங்கும்போதும் சேரும் என்பது கணக்கு. டெல்பர்ட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையே தெரியாத கண்ணோடு, திருகை இன்னும் ஒரு சொடுக்கு, இன்னும் ஒரு சொடுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான். தூரமாக நின்றால் கொஞ்சம் முதுகுக்கு மேலே பிடி என்றும் சொல்லி வைத்தான். அடுத்த நாள் காலையில் கயோட்டி தொட்டிக்கு இந்தப் பக்கம் வந்தது. அவ்வளவு ஒன்றும் தூரமில்லை, ஆனால் அரை இருட்டில் தூரம் போலத் தெரிந்தது. நெல்டா சொன்னபடி முதுகுக்கு மேலே பிடித்தாள். குண்டும் சொன்னபடி முதுகுக்கு மேலேயே போயிற்று.

விஷயம் டெல்பர்ட்டின் தம்பி வெல்டன் காதுக்குப் போயிற்று. அடுத்த மேய்ச்சல் நிலம் அவனுடையது. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். வந்து முப்பது வருடம் ஆகியும் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தான். நெல்டா உள்ளே உருளைக்கிழங்கு வடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளுடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய், தேவதாரு மரத்தடியில் இருபத்தைந்து கஜத்தில் அட்டை கட்டிச் சுட்டு, திருகைத் திருப்பி வைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

“பட்டாளத்துல இருபத்தஞ்சுதான், நெல்டா. இருபத்தஞ்சுல சேத்துட்டா முன்னூறு வரைக்கும் கவலையே இல்ல. லட்சம் பேர் சுட்டுப் பாத்தது.”

“என்னய ஒரு வார்த்த கேட்டியா நீ?”

“நல்லது பண்றதுக்குக் கேக்கணுமா?”

பட்டாளத்துத் துப்பாக்கிக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இந்த உயரமான ஸ்கோப்பை இருபத்தைந்தில் சேர்த்தால் குண்டு மேலே ஏறுகிறது, ஏறுகிறது, இறங்குகிற பாடில்லை. இரண்டு நாள் கழித்துக் கயோட்டி ஓடைக்கு அப்பால் குறுக்கே நின்று நிதானமாகத் திரும்பிப் பார்த்தது. நெல்டா நெஞ்சுக்கு நேராகப் பிடித்துச் சுட்டாள். பின்னால் இருந்த மண்மேட்டில், அதன் முதுகுக்கு வெகு உயரத்தில் புழுதி கிளம்பிற்று. இரண்டாவது குண்டும் அங்கேயேதான். செமி ஆட்டோமேட்டிக் அல்லவா, தப்பையும் சீக்கிரமாகச் செய்யும். அன்று போனது இரட்டைக் குட்டியில் ஒன்று. மற்றதைக் கையில் எடுத்து வந்து பாட்டிலில் பால் கொடுத்தாள். அழுகை வந்தது. அழுகிற வயதா என்று அதற்கும் கோபம் வந்தது.

தீவனக் கடையில் மூட்டை ஏற்றும்போது கடைக்காரன் ஆர்ட்டுரோ விசாரித்தான். நல்லவன், பணிவானவன், சனிக்கிழமைகளில் அட்டை சுடும் போட்டிகளுக்குப் போய்க் கோப்பை வாங்கி வந்து கல்லாவுக்கு மேலே வரிசையாக வைத்திருப்பவன். இருபத்தைந்து என்று கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“மிஸ் நெல்டா, தப்பா நெனைக்காதீங்க. நூறுதான். நூறுல வெச்சா எங்கயும் ஸ்கோப் கோட்டுக்கு மேல குண்டு போகவே போகாது. கணக்கு சுத்தம். கொண்டாங்க, நானே பண்ணித் தரேன்.”

அவனாவது கேட்டான். கடைக்குப் பின்னால் மண்சுவர் எழுப்பிய இடத்தில் அவனே சுட்டு, அவனே திருப்பி, திருகின் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தான். நெல்டா வீட்டுக்கு வந்து யாரும் இதில் கை வைக்கக் கூடாது என்று டெல்பர்ட்டிடம் சொன்னாள். அவன் எத்தனை என்று கேட்டான். நூறு என்றாள். அவன் முகம் விழுந்துவிட்டது. நூறா, நூறை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று முனகினான். ஒரு மாதமாக மூன்று ஆண்பிள்ளைகள் மாறி மாறி எண் சொல்லிக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. நீ எங்கே உட்கார்ந்து சுடுகிறாய், அது எங்கே நிற்கிறது என்று ஒருத்தனாவது கேட்டானா? கேட்கவில்லை. தோசை சுடுகிறவளை விட்டுவிட்டுக் கல்லுக்கு எவ்வளவு சூடு என்று மூன்று பேர் சண்டை போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அதற்கு மறுநாள் அவள் தடுப்பூசி மருந்து வாங்க டவுனுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் சிவப்புக் கோடு பக்கவாட்டில் இருந்தது. டெல்பர்ட் தம்பியைக் கூப்பிட்டு மறுபடியும் இருநூறுக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறான். வெல்டனுக்கு இருநூறில் நம்பிக்கை இல்லைதான். இருந்தாலும் ஆர்ட்டுரோவின் நூறை ஒழிக்கிறதில் ஒரு சந்தோஷம். நெல்டா துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடினாள். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் உப்பைக்கூட யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை சந்தை. விடிந்தும் விடியாத நேரத்தில் தாய் ஆடு ஒன்று கத்துகிற சத்தம் கேட்டு நெல்டா பிக்கப்பை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். கீழே தொட்டிக்குப் பக்கத்தில் கயோட்டி. வாயில் குட்டி. குட்டி இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. வண்டியைக் குறுக்கே நிறுத்தி, அந்தப் பக்கமாக இறங்கி, பானெட்டின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துக் கொண்டாள். கை நடுங்காமல் இருக்க அதைவிட நல்ல தாங்கல் கிடைக்காது. ஸ்கோப்பில் கயோட்டி முழுசாகத் தெரிந்தது. குட்டியை விட்டு விலகிப் பின்பக்கமாகக் குறியை வைத்தாள். நடுவில் ஒரு புல் இல்லை, ஒரு முள் இல்லை. மூச்சைப் பிடித்தாள். இந்தத் தடவை தப்பாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அழுத்தினாள். தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. அவள் முகத்தில் பெயின்ட் சில்லு தெறித்தது.

பானெட்டின் நடுமேட்டில் ஒரு நீளக் கிழிசல். அதற்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி. கீழே ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீர் கல்லில் ஓடிற்று. கயோட்டி ஒரு கணம் நின்று பார்த்தது, குட்டியோடு முள்ளுக்குள் போய்விட்டது. நெல்டா அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்தாள். தன் வண்டியைத் தானே சுட்ட பைத்தியக்காரி என்று தன்னையே திட்டினாள். அப்புறம் வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினாள். தாய் ஆடு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டே இருந்தது.

வெல்டன்தான் தன் வண்டியில் சங்கிலி கட்டி இழுத்து வந்தான். வீட்டு முற்றத்தில் டெல்பர்ட் கிழிசலைக் கையால் தடவிப் பார்த்தான். தீவனம் இறக்க வந்த ஆர்ட்டுரோவும் சேர்ந்துகொண்டான். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நெல்டா பெயின்ட் ஒட்டிய முகத்தோடு பக்கத்தில் நின்றாள். நூறிலேயே விட்டிருந்தால் என்று ஆர்ட்டுரோ மெல்ல ஆரம்பித்தான். இருபத்தைந்தைக் கலைத்ததுதான் தப்பு என்றான் வெல்டன்.

“பானெட் எத்தன கஜத்துல இருந்துச்சு, வெல்டன்?” என்று நெல்டா கேட்டாள்.

வெல்டன் சிரித்துவிட்டான். “விடு நெல்டா. ஸ்கோப் மேல இருக்கு, குழல் மூணு விரல் கீழ இருக்கு. கண்ணு தாண்டிடும், குண்டு தாண்டாது. எல்லாருக்கும் ஒரு தடவ நடக்கிறதுதான்.”

“எல்லாருக்குமா?”

வெல்டன் வாயை மூடிக்கொண்டான். வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமா? நெல்டா விடவில்லை. ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். தன் பழைய வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி போனது அப்படித்தான் என்று வெல்டன் ஒப்புக்கொண்டான். ஆர்ட்டுரோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருக்கிற இரும்புக் கேட்டில் மேல் குழாய் நெளிந்திருப்பதைப் பற்றிச் சொன்னான். கடைசியில் டெல்பர்ட், சாலை வேலைக்காலத்தில் அரசாங்க வண்டி ஒன்றின் பானெட்டில் கல் விழுந்ததாக எழுதிக் கொடுத்தது கல் இல்லை என்றான்.

அவர்கள் பட்ட வெட்கத்தைப் பார்க்க வேறு ஒருத்திக்குச் சிரிப்பு வந்திருக்கும். நெல்டாவுக்கு வரவில்லை.

“ஒரு மாசமா என் காதுல கஜம் கஜம்னு ஓதினீங்களே. இருநூறு, இருபத்தஞ்சு, நூறு. மூஞ்சிக்கு முன்னாடி இருக்கிற மூணு விரலச் சொல்றதுக்கு ஒருத்தனுக்கும் வாய் வரலையா? நாலு குட்டி போச்சு. உங்க வெக்கத்துக்கு என் குட்டியா கெடச்சுது?”

வெல்டன்தான் ஆரம்பித்தான். போனது போகட்டும், வண்டி இல்லை என்று கவலைப்பட வேண்டாம், திங்கட்கிழமை தன்னுடைய வண்டியையும் டிரெய்லரையும் கொண்டுவந்து ஆடுகளை ஏற்றிவிடுவதாகச் சொன்னான். பாவம், இந்த வயதில் நெல்டா இவ்வளவு கஷ்டப்படுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லையாம். ஆடு போனால் அந்த மேய்ச்சலை மான் வேட்டைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடச் சொல்லி வெல்டன் இரண்டு வருடமாக அண்ணனை அரித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாதா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். டெல்பர்ட் தம்பியிடம் திங்கட்கிழமை வரச் சொன்னான்.

சனிக்கிழமை காலை நெல்டா துப்பாக்கியையும் நாலைந்து அட்டைப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கீழே நடந்தாள். ஓடையில் இறங்கி ஏறி, தொட்டிக்கு எதிரே ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தாள். காற்று தொட்டியிலிருந்து அவள் பக்கம் வந்தது. கயோட்டிக்கு அவள் வாடை போகாது. தொட்டிக்குப் பின்னால் மண் அணை, தவறிய குண்டை அது வாங்கிக்கொள்ளும். பட்டியும் குட்டிகளும் முதுகுக்குப் பின்னால். இங்கேதான் உட்காரப் போகிறேன், அங்கேதான் அது வரப் போகிறது, பிறகு என்ன என்று நினைத்தாள். அட்டைப் பெட்டியைத் தொட்டி ஓரத்தில் வைத்தாள், பாறையில் இருந்து சுட்டாள், போய்ப் பார்த்தாள், திருகைத் திருப்பினாள், மறுபடியும் சுட்டாள். குறியும் ஓட்டையும் ஒன்றாகும் வரைக்கும் நடந்தாள். எத்தனை கஜம் என்று அடி வைத்து அளக்கவே இல்லை. ஒரு எண் கிடைத்தால் அதை வைத்துச் சண்டை போட வீட்டில் ஆள் இருக்கிறது.

அது முடிந்ததும் இன்னொரு அட்டையைக் காலடியிலிருந்து நாலு எட்டில் வைத்துச் சுட்டாள். குறி வைத்த இடத்துக்கு மூன்று விரல் கீழே ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். இவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்லத்தான் மூன்று பேருக்கும் வாய் வரவில்லை என்று நினைத்தபோது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாறையின் மேல் விளிம்பில் துப்பாக்கி முனை தட்டாதபடி அந்த மூன்று விரலுக்குச் சேர்த்து ஒரு மண்மூட்டையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயத்துக்குப் போகவில்லை. விடியும் முன்னால் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். வந்தது இரண்டு மானும் ஒரு முள்ளம்பன்றியும்தான். முழங்கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது டெல்பர்ட் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவனும் தேவாலயத்துக்குப் போகவில்லை. கோபத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் போனாள். வானம் வெளுத்தது. தூரத்தில் வெல்டனின் டிரெய்லர், ஆடு தாண்டாமல் இருக்க வாசல் தரையில் பதித்த இரும்புக் குழாய்களின் மேல் கடகடவென்று ஏறுகிற சத்தம் கேட்டது. முடிந்தது கதை என்று நெல்டா எழுந்திருக்கப் போனாள். அப்போது முள்ளுக்குள்ளிருந்து காது இரண்டு தெரிந்தன. டிரெய்லர் சத்தத்தில் ஆடுகள் பட்டிக்குள் கலைந்து கத்தின. கயோட்டி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே தொட்டி ஓரத்துக்கு வந்து நின்றது. அவள் துப்பாக்கி முனைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை ஸ்கோப்பை விட்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கண்ணை வைத்து, நெஞ்சில் பிடித்து, அழுத்தினாள். கயோட்டி நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தது. இரண்டாவது குண்டுக்கு வேலை இருக்கவில்லை.

தனக்குக் குதிக்க வேண்டும் போல் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. மெல்ல எழுந்து ஓடையைத் தாண்டி மேலே ஏறி வந்தாள். பாதி வழியில் வெல்டன் எதிரே ஓடி வந்தான்.

“விழுந்துச்சா? எத்தன கஜம்?”

“அளக்கல.”

“அளக்கலையா! அப்புறம் எப்படிச் சேத்த?”

அவள் நிற்காமல் நடந்தாள். வெல்டனுக்குத் தாங்கவில்லை. பாறைக்கு இறங்கிப் போய், அங்கிருந்து தொட்டியை நோக்கிப் பெரிய பெரிய எட்டாக எண்ணி வைக்க ஆரம்பித்தான். நெல்டா மேலே வந்து பட்டிக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். டிரெய்லர் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

டெல்பர்ட் பின்வாசலில் நின்றிருந்தான். ஒரு கையால் கம்பத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

“டிரெய்லர் வந்திருக்கே, நெல்டா.”

“வந்த மாதிரியே போகட்டும். ஆடு எங்கயும் போகாது. நீ சொன்ன கெடு, நீ சொன்ன கஜம், எல்லாம் கேட்டாச்சு. இனிமே என் ஆடு, என் துப்பாக்கி.”

“ஒண்ணு போனா இன்னொண்ணு வரும்.”

“வரட்டும். அதையும் அங்க போயித்தான் சுடுவேன்.”

டெல்பர்ட் அவள் குரல் வந்த பக்கம் பார்த்தான். பார்த்தானோ, காதையும் தொப்பியையும் தேடினானோ.

“நீ அங்க போகாம இருக்கத்தான் சொன்னேன்,” என்றான். “இந்த வாசல்லேருந்து தொட்டி இருநூறு கஜம். கண்ணு இருந்தப்போ நானே அளந்தது. இங்கேருந்தே நீ சுட்டா என் பக்கத்துலயே இருப்பியேன்னுதான். போன குளிர்ல ஓடையில விழுந்து கை ஒடஞ்சு கெடந்தியே. அப்ப எனக்குத் தெரியல. இப்பவும் வெடிச்சத்தம் கேக்குது, அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. நீ நிக்கிறியா, விழுந்துட்டியா, எனக்கு எப்படித் தெரியும்? ஆடு போயிட்டா நீ கீழ போக வேண்டியதில்லைன்னு நெனைச்சேன்.”

இந்த வயதில் அந்தத் தூரத்துக்குத் தன் கை நிற்காது என்று நெல்டாவும் ஒரு நாள் கூட அவனிடம் சொன்னதில்லை. கீழே வெல்டன் ஏதோ எண்ணைச் சொல்லிக் கத்தினான். இரண்டு பேருமே அதைக் காதில் வாங்கவில்லை.

“இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்றாள். கோபம் இன்னும் தீரவில்லை. “இருநூறு இருநூறுன்னு உயிர வாங்கினியே.”

அவள் துப்பாக்கியைக் காலி செய்து சுவரில் சாய்த்தாள். அவன் கையைக் கம்பத்திலிருந்து எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“கீழதான் போவேன், டெல்பர்ட். சுட்டு முடிச்சதும் சத்தமா உன் பேரச் சொல்லிக் கூப்பிடுறேன். காது நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு,” என்றான் டெல்பர்ட்.